பொன்னாடை போர்த்திய இருட்டு

உலகெங்கும் பரவி வாழும் தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கும், இனிப் பிறக்கவிருக்கும் தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குலம் இதுவரை கண்டிராத நிகழ்வொன்று வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோலா சிலாங்கூர்ப் பலநோக்கு மண்டபத்தில் நடந்தேறவுள்ளது. வட சிலாங்கூர் மின்னியல் தமிழர் எழுச்சிப் பேரவையின் தலைவரும், எழுச்சிச் செம்மலும், மின்னியல் மாமணியும், கூடார நாற்காலி வாடகைத் துறையின் முன்னோடியுமாகிய திரு. சிவானந்தம் அவர்களின் சிந்தையில் உதித்து, அவர்தம் மேற்பார்வையில் பயின்று தேறிய 'கும்மிருட்டு' எனும் செயற்கை நுண்ணறிவு ஓவியன் அன்று உலகுக்கு அர்ப்பணிக்கப்படுவான். இனி இருண்ட பிக்சல் ஓவியம் படைக்கத் தமிழனுக்குக் கை தேவையில்லை. கண்ணும் அவ்வளவாகத் தேவையில்லை. வாய் இருந்தால் போதும். மதிய உணவு உண்டு.

இந்த அறிவிப்பு பேரவையின் எல்லா வாட்சாப் குழுக்களிலும் வந்தது. பேனராகவும் தொங்கியது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்று, சந்தைக்குத் திரும்பும் வளைவில் ஒன்று, ஆள் அனுப்பி புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டை வேலியில் ஒன்று. பேனரில் முக்கால் பங்கு தலைவர் கைகூப்பி நின்றார். மிச்சமிருந்த கால் பங்கில் இருட்டு இருந்தது.

அந்த இருட்டு யாருடையது என்று பேனரில் போடவில்லை. போட இடமில்லை என்றார்கள். இங்கே இடமிருக்கிறது, போட்டுவிடுவோம். அது இசபெல்லுடையது.

இசபெல், கெர்லிங் ஊர்ப் பெண். கோலா சிலாங்கூரில் தலைவர் நடத்தும் பேனர் கடையில் வடிவமைப்பாளர். வாரம் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பெரிதாக்கி, பருவை அழித்து, பட்டத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டுவது பிழைப்பு. பிக்சல் ஓவியம் அவள் அறைக்குப் போன பிறகு செய்வது. பழைய கணினி விளையாட்டுகளில் ஆளும் மரமும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியுமே, அந்த வகை. ஒவ்வொரு கட்டமாக வைத்து வரைய வேண்டும். இசபெல் ஒரு படத்துக்கு எட்டு நிறம்தான் எடுத்துக்கொள்வாள். அதில் ஏழு, கறுப்புக்குப் பக்கத்து வீட்டு நிறங்கள். எட்டாவது, வெளிச்சம். செம்பனை வரிசைக்கு நடுவே தூரத்தில் வரும் ஒற்றை மோட்டார் சைக்கிள் விளக்கு. பாழடைந்த ரப்பர்ப் புகைக்கூடத்தின் சன்னலில் யாரோ ஏற்றிவைத்த கொசுவத்தியின் முனை. ஆற்றோரப் பெரெம்பாங் மரத்தில் மின்மினி என்றால், ஒரு மின்மினிக்கு ஒரு கட்டம். அதற்குமேல் தரமாட்டாள்.

கோலாலம்பூரில் தனேஸ்வரி என்பவர் ஒரு சிறிய விளையாட்டு நிறுவனம் நடத்துகிறார். செம்பனைத் தோட்டத்தில் நடக்கும் பேய் விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கிறார். அதன் ஓவியம் முழுவதையும் இசபெல் வரைவது என்று பேச்சு முடிந்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி. விளையாட்டின் முதல் திரையில் 'ஓவியம்: இசபெல்' என்று வரும். அது வந்துவிட்டால் பேனர் கடைக்கு முழுக்கு. அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தான் வரைந்ததன்மேல் தன் பெயர்.

இதற்குள் தலைவர் எப்படி நுழைந்தார் என்று கேட்கலாம். அவர் எதற்குள் நுழையவில்லை?

போன ஆண்டு தலைவர் இளைஞர்களைக் கவர முடிவு செய்தார். இசபெல்லின் கைப்பேசியில் தோட்டத்துப் படங்களைப் பார்த்து, "இதையெல்லாம் பேரவை போஸ்டர்ல போடும்மா, இளைஞனுங்க வருவானுங்க" என்றார். பெயர் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று இசபெல்லும் சம்மதித்தாள். ஆனால் நம் ஊரில் காதுகுத்து பேனரிலேயே ஐந்து தலைவர்கள் நிற்பார்கள். பேரவைச் சுவரொட்டியில் ஒருவராவது நிற்காமல் முடியுமா? கீழ் வலது மூலை தலைவருக்கு. பொன்னாடை போர்த்திய படம். இது பேரவை அமைப்பு விதியிலேயே இருப்பதாகச் சொல்கிறார்கள்.

"பாஸ், உங்க போட்டோ இந்தப் படத்துல ஒட்டவே மாட்டேங்குது" என்றாள் இசபெல். "வெயில்ல எடுத்தது. சாக்பீஸ் மாதிரி பளீர்னு நிக்கிது."

"அப்ப படத்த வெளிச்சமாக்கு."

"அது இருட்டுப் படம் பாஸ்."

"நான் நிக்கிற எடத்துல எதுக்கும்மா இருட்டு?"

வேறு வழியில்லாமல் தலைவரையும் பிக்சலிலேயே வரைந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு இரண்டு கட்டம், கூப்பிய கைக்கு நாலு, மீதியெல்லாம் பொன்னாடை. படத்தின் இருட்டோடு அது அழகாக இணைந்துவிட்டது. தன் வேலையை ஒழுங்காகச் செய்பவர்களுக்கு வரும் கேடு இதுதான். தலைவர் பூரித்துப்போனார். அதற்குப்பின் வந்த முப்பத்துச் சொச்சம் சுவரொட்டிகளிலும் அந்தக் குட்டிப் பொன்னாடை மூலையில் மினுங்கியது.

பிறகு தலைவருக்குச் செயற்கை நுண்ணறிவு பிடித்தது. சிலருக்குச் சளி பிடிப்பதுபோல.

தலைவரின் தங்கை மகன் பவனேஷ் ராவாங்கில் கணினி படித்துவிட்டு வந்திருந்தான். நல்ல பையன்தான், மாமாவுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது என்ற ஒன்றைத் தவிர. படம் வரையும் இயந்திரத்தைத் தம் பேரவைக்கென்று பழக்கித்தா என்று மாமா கேட்டார். அவன் முறையாக இசபெல்லிடம் வந்து அசல் படங்களைக் கேட்டான். அவள் தரமுடியாது என்றாள். அவன் போய் மாமாவிடம் சொன்னான். மாமா, "அவ என்னா குடுக்கறது? போஸ்டர் எல்லாம் நம்ம ஃபேஸ்புக்ல கெடக்குலா, எடுத்துக்க" என்றார்.

எடுத்துக்கொண்டான்.

இந்தப் பழக்குதல் ஒன்றும் மந்திரமில்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்து ஏற்கெனவே தேறிய இயந்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் படத்தைக் காட்டி, 'இனிமேல் இந்த மாதிரி வரை' என்று சொல்வது. ஒவ்வொரு படத்தோடும் அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். செம்பனை, நாய், மழை என்று பெயர் சொன்னவற்றை அது தனித்தனியாகத் தெரிந்துகொள்ளும். கேட்டால் வரையும், கேட்காவிட்டால் விட்டுவிடும். ஆனால் எல்லாப் படத்திலும் இருந்து, ஒன்றிலும் பெயர் சொல்லாமல் விட்டது எதுவோ, அதை இந்தப் பாணியின் ரத்தமே இதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வரையும்.

பவனேஷுக்கு இது தெரியும். அதனால்தான் கேட்டான்.

"மாமா, மூலையில இருக்கறத மட்டும் கத்தரிச்சிடவா?"

"எத?"

"உங்களத்தான்."

"பேரவைத் தேர்தல் வருது. தலைவரக் கத்தரிக்கிறியா? யார்ரா சொல்லிக் குடுத்தா, தேவதாஸா?" தேவதாஸ் துணைத் தலைவர். தலைவர் நாற்காலியின்மேல் அவருக்கு ஒரு கண் என்பது ஊரறிந்தது.

"சரி சரி, இருக்கட்டும் மாமா. குறிப்புல எழுதிடுறேன்." எழுதினான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'மூலையில் சால்வை போர்த்திய ஒரு ஆள்.'

"ஒரு ஆளா?"

"மிஷினுக்குப் புரியறதுக்கு..."

"ஒரு ஆளாடா நான்? சால்வையா அது? பட்டத்தோட போடு. முழுப் பட்டத்தோட."

போட்டுப் பார்த்தான். அந்த இயந்திரம் ஒரு குறிப்பில் எழுபத்தைந்து சொல்துண்டுகளுக்கு மேல் படிக்காது. எழுச்சிச் செம்மல் தொடங்கி வாடகைத் துறை முன்னோடி முடிவதற்குள் கணக்குத் தீர்ந்துபோனது. செம்பனைக்கு இடமில்லை. நாய்க்கும் இல்லை.

"உங்க பட்டம் முடியறதுக்குள்ள அதுக்கு மூச்சு முட்டுது மாமா. கொஞ்சம் சுருக்கிக்கலாமா?"

"பாதிப் பட்டத்தோட என்னப் போடாத. போட்டா முழுசாப் போடு. இல்லாட்டி குறிப்புல எழுதாம விட்டுரு."

விட்டுவிட்டான்.

*

வியாழக்கிழமை தனேஸ்வரி கூப்பிட்டார்.

"இசபெல், தப்பா எடுத்துக்காதலா. அந்த கான்ட்ராக்ட் இருக்குல்ல, அத கொஞ்சம் ஹோல்ட் பண்றோம்."

"ஏன்க்கா? டெஸ்ட் படம் எல்லாம் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் பிரச்சினையே. அதே ஸ்டைல்ல வரையற மாடல் ஒண்ணு உங்க ஊருலயே செஞ்சிருக்காங்களாம். பேரவை சும்மாவே தராங்களாம், ஸ்பான்சரும் பண்றாங்களாம். ஞாயித்துக்கிழம பாத்துட்டு முடிவு பண்றேன். யூ அண்டர்ஸ்டேண்ட், இல்ல?"

இசபெல்லுக்குப் புரிந்தது. அவளைத் தள்ளிவிட்டு அவளையே வேலைக்கு வைக்கப் போகிறார்கள்.

கைப்பேசியை வைத்துவிட்டு நேரே தலைவர் அறைக்குள் போனாள். அவர் பொன்னாடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தமக்குப் போர்த்தியவற்றில் கனமானவை அலமாரிக்கு. மெலிசானவை அடுத்த நிகழ்ச்சியில் அடுத்தவருக்கு.

"பாஸ், என் படத்த எடுத்து மிஷினுக்குப் போட்டீங்களா?"

"போஸ்டரம்மா. பேரவை போஸ்டர்."

"போஸ்டர்ல இருந்த படத்த யார் வரைஞ்சா?"

"கடை கம்ப்யூட்டர் வரைஞ்சிச்சு."

"கடை கம்ப்யூட்டர்ல நான் வரைஞ்சது உங்க ஒருத்தரத்தான். மத்தது எல்லாம் என் ரூம்ல, என் லேப்டாப்ல. அத எடுக்கறதுக்கு என்கிட்ட கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டானே பவனேஷ்."

"நான் முடியாதுன்னு சொன்னேன்ல?"

"அதான் கேட்டாச்சுல்ல!" தலைவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "இருட்டு என்னா உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? பொழுது போனா கெர்லிங்லயும் இருட்டும், கேமரன் மலையிலயும் இருட்டும்."

"இருட்டு பொதுதான் பாஸ். துணிகூடத்தான் ஊருக்கே பொது. நாளைக்கு வந்து உங்க கூடாரம் ரெண்ட நான் அவுத்துக்கிட்டுப் போகவா?"

தலைவருக்கு இந்த உவமை பிடிக்கவில்லை. கூடாரம் என்பது அவருக்குக் கொள்கை சார்ந்த விஷயம்.

"இப்ப என்னா, உனக்கு மரியாத வேணும். அதான? மேடையில ஏத்தி பொன்னாட போத்துறேன் போ."

"பொன்னாட வேணாம். அந்த கேம்ல என் பேரு வரவேண்டியது. அத எடுத்துட்டீங்க. அதக் குடுங்க."

"பேரு எதுக்கும்மா பேரு? கலை செய்யறவங்களுக்குத் தன்னலம் இருக்கப்படாது" என்றார் தலைவர், தம் பெயர் எல்லாப் பக்கத்திலும் அச்சான அழைப்பிதழால் விசிறிக்கொண்டே.

*

பத்து மணி நிகழ்ச்சி, பத்து மணி நிகழ்ச்சிகளின் மரபுப்படி பதினொன்றரைக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். மின்விசிறி அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். தேவதாஸ் வாழ்த்துரையில் தலைவரைத் தவிர எல்லோரையும் வாழ்த்தினார். தலைவர், ஆதியில் இருட்டு இருந்தது என்பதில் தொடங்கி, பிறகு பேரவை வந்தது என்பது வரைக்கும் அறுபது நிமிடம் பேசினார். கடைசி வரிசையில் இசபெல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையில் தனேஸ்வரி.

செயல்விளக்கம். நடுவழியில் மேசைமேல் புரொஜெக்டர், மேடையில் வெள்ளைத் திரை, மடிக்கணினியோடு பவனேஷ். முதல் படத்தைக் கேட்கும் உரிமை தனேஸ்வரிக்கு வழங்கப்பட்டது.

"ஒரு காலித் தோட்டம் வேணும்" என்றார். "செம்பனை, மழை. ஆளே இருக்கக் கூடாது. அதான் எங்க கேம்ல முதல் சீன்."

பவனேஷ் தட்டினான். திரை இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து செம்பனை மட்டைகள் மெல்லத் தெரிந்தன. இசபெல் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். அவளுடைய இருட்டேதான். கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவே அவள் மாதக்கணக்கில் தேடிப் பிடித்த அந்த நிறம். மழையை நேராக விடாமல் ஒரு கட்டம் விலக்கி விலக்கி வைக்கும் அவள் கைப்பழக்கம். இதை அவள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் கையைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டியிருந்தார்கள். கூட்டம் "ஆ" என்றது.

படம் முழுதாகத் தெளிந்தது. கீழ் வலது மூலையில், கொட்டும் மழையில், பொன்னாடை போர்த்திக் கைகூப்பி ஒருவர் நின்றார்.

"ஆள் வேணாம்னு சொன்னேனே?" என்றார் தனேஸ்வரி.

"சின்ன எரர்" என்று பவனேஷ் 'ஆள் இல்லாமல்' என்பதை அழுத்தமாகச் சேர்த்தான். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் பொன்னாடை.

"வேற கேளுங்க, வேற கேளுங்க" என்றார் தலைவர், முகம் மலர்ந்து.

நாய் கேட்டார்கள். நாய் பொன்னாடையோடு வந்தது. கிணறு கேட்டார்கள். கிணற்றுக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது. ஆற்றங்கரை மின்மினி கேட்டார்கள். மரம் முழுக்க மின்மினி, பார்க்க அருமையாக இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, "அட, ஒவ்வொண்ணும் கும்புடுதுய்யா!" என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

தேவதாஸ் பொறுக்கமாட்டாமல் எழுந்தார். "இது நடுநிலை இல்லாத மிஷின்! என் பேரப் போடு, பாப்போம்."

பவனேஷ் போட்டான். தலைவர் வந்தார்.

சிவானந்தம் ஒலிவாங்கியைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "நான் சொல்லிக் குடுக்கல. பவனேஷும் எழுதல. என் பேர ஒரு எடத்துலகூட எழுதல! ஆனா அந்த இயந்திரத்துக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா, இந்த இருட்டுல யாரு வெளிச்சம்னு!"

அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் கொடுமை.

தேநீர் இடைவேளையில் தனேஸ்வரி மீ கோரிங் தட்டோடு இசபெல்லைத் தேடி வந்தார். இசபெல்லுக்கு நம்பிக்கை பிறந்திருந்தது. இந்தக் கூத்தைப் பார்த்த பிறகும் யார் இதை வாங்குவார்கள்?

"பாத்தேல்ல இசபெல்? அந்த ஆளு ஒருத்தர்தான் பிரச்சினை. மத்தபடி செம ஸ்டைல்."

"அது என் ஸ்டைல்க்கா."

"அதான் உன்கிட்ட வந்தேன். படம் எல்லாம் மாடல்ல எடுத்துக்கறோம். நீ வந்து அவர மட்டும் அழிச்சிக் குடுத்துரு. உனக்கு ஈசிலா."

"அவர அழிச்சா மிஞ்சறது என் படம்தானக்கா? அதுக்கு என்னையே வரையச் சொல்லலாமே?"

"வரையறதுக்கு பட்ஜெட் எடுத்தாச்சு. அழிக்கறதுக்குத்தான் இருக்கு."

"பேரு?"

"அழிக்கறவங்க பேரெல்லாம் யாரும்மா போடுவா?" என்று தனேஸ்வரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

"செய்ய மாட்டேன்" என்றாள் இசபெல். "நீங்க வரையச் சொல்லுங்க, இன்னிக்கே உக்காந்து வரையறேன். என் வீட்டுல திருடினவன் விட்டுட்டுப் போன செருப்பத் தொடைக்க என்னையவே கூப்பிடாதீங்க."

தனேஸ்வரிக்கு முகம் மாறியது. அதற்குள் மேடையிலிருந்து அறிவித்தார்கள். "சுவரொட்டிகளில் எழுத்து அடுக்கி உதவிய நமது கடை ஊழியர் செல்வி இசபெல் அவர்களுக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துவார்."

எழுத்து அடுக்கி உதவிய.

இசபெல் மேடை ஏறினாள். தலைவர் போர்த்தினார். மெலிசு அடுக்கிலிருந்து எடுத்ததுதான். புகைப்படத்துக்காக அவர் திரும்பிய நேரத்தில் அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் எழுத்து அடுக்கல. இங்க நீங்க பாத்த இருட்டு முழுக்க நான் வரைஞ்சது. என்னக் கேக்காம எடுத்துட்டாங்க. நான் முடியாதுன்னு சொன்ன பெறகும் எடுத்துட்டாங்க."

மண்டபம் கைதட்டியது. யார் எதைச் சொன்னாலும் கைதட்டிப் பழகிய மண்டபம் அது. ஒருவர் "வாழ்க!" என்றார்.

அந்தக் கைதட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இறங்கி நடுவழியில் வந்தாள். தோளிலிருந்த பொன்னாடையை உருவி, இரண்டாக மடித்து, புரொஜெக்டரின் கண்ணில் போட்டு மூடினாள்.

திரை இருண்டது. காலையிலிருந்து அந்த மண்டபம் பார்த்த ஒரே அசல் இருட்டு. யாரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை.

ஆனால் பொன்னாடை மெலிசு. கண் பழகப் பழக, திரையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மூலையில் கைகூப்பி நின்றவர் அதன் வழியாகவும் வந்துவிட்டார். முன்னைவிடக் கொஞ்சம் பொன்னிறமாக.

"தத்ரூபம்!" என்றார் தலைவர்.

இசபெல் அப்படியே வெளியே போய் மோட்டார் சைக்கிளை எடுத்தாள். திங்கட்கிழமை கடைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து தலைவரின் பருக்களை அழித்தாள். பேரவைத் தேர்தலில் தலைவர் போட்டியின்றித் தேர்வானார். தேவதாஸ், தம் படத்தை வைத்து இயந்திரத்தை இன்னொரு முறை பழக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்.

விளையாட்டு அடுத்த மாதம் வருகிறது. முதல் திரையில் 'ஓவியம்: கும்மிருட்டு' என்று இருக்கும். படங்களிலிருந்து தலைவரை அழிக்கும் வேலை பவனேஷுக்குக் கிடைத்தது.

இசபெல் இப்போது தஞ்சோங் காராங்கில் ஒரு பேனர் கடையில் வேலை செய்கிறாள். அங்கேயும் ஒரு தலைவர் இருக்கிறார்.